ஊரை ஊரார்க்குக் காட்டியவர்: பற்றிக் கெடிஸ் பெருமகனார்

நமுனுகுலை மலையின் உச்சியில் ஏறி நின்று வடமேற்கே நோக்குவார்க்கு ஊவா நாடு விரித்து வைத்த படம்போலத் தோன்றும். மேலே காடும் கற்பாறையும். அவற்றின் கீழே தேயிலைப் பசுமை. அப்பசுமையினிடையே கோடிழுத்தாற்போல லயங்கள். இன்னுங் கீழே பதுளைப் பட்டினம். பட்டினத்தை அடுத்து வயல்கள். வயல்களினூடே பதுளு ஓயா. அவ்வாறு துன்கிந்தையில் அருவியாய் வீழ்ந்து, மகாவலியோடு கலந்து, கொட்டியாரக் குடாவிற் கடலைச் சேர்கின்றது.

இக்காட்சியை யாம் நாடோறுங் காண்கின்றோம். ஆயினும் இதனை ஒரே பொருளாகக் காண்பார் அரியர். தோட்டத் துரைமார் தேயிலையைக் கண்டனர். பொறியியலார் தெருவையும் இருப்புப்பாதையையுங் கண்டனர். தமிழ் கற்ற எம்மனோர் குறிஞ்சித் திணையைக் கண்டு மகிழ்ந்தனர். மலையையும், அம்மலையில் நிகழுந் தொழிலையும், அத்தொழில் செய்வார் வாழும் வீட்டையும் ஒருங்கு வைத்துக் காணும் பார்வையை உலகுக்குக் கற்பித்தவர் ஒருவர் இருந்தார். நகரமைப்பு என்னுங் கலையை அரசினர் அலுமாரியிலிருந்து எடுத்துத் தெருவிலே வைத்து, கற்றாரும் கல்லாரும் அதுபற்றிப் பேசுமாறு செய்தவர் அவர். தமிழகத்துத் தெருக்களில் நடந்தவர். கொழும்பு மாநகருக்குத் திட்டம் வகுத்தவர். அவரே பற்றிக் கெடிஸ் என்னும் ஸ்கொட்லாந்து நாட்டுப் பேரறிஞர். அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இளமையும் கல்வியும்

கெடிஸ் 1854ஆம் ஆண்டு ஒக்டோபர்த் திங்கள் 2ஆம் நாள் பலட்டர் என்னும் மலையூரிற் பிறந்தார். தந்தையார் படைச்சேவையில் இருந்தவர். அவர் ஓய்வுபெறுங்காலத்திற் குடும்பம் பேர்த் நகரை அடுத்த குன்றொன்றின்மேற் சிறு வீட்டில் வாழ்ந்தது. வீட்டைச் சுற்றித் தோட்டம், கீழே டே ஆறு, ஆற்றங்கரையிலே நகரம். தந்தையாரோடு கிழங்குப் பாத்தி கொத்தியும், குன்றுகளில் ஏறித் திரிந்தும் சிறுவர் வளர்ந்தார். மலைமேல் நின்று ஊரைப் பார்க்கும் பழக்கம் அவருக்கு அப்பருவத்திலேயே வாய்த்தது. பிற்காலத்தில் அவர் செய்த பெருஞ்செயல்கள் பலவற்றுக்கும் இப்பழக்கமே வித்தாயிற்று.

தந்தையார் விருப்பப்படி ஒன்றரையாண்டு வங்கியொன்றிற் பணிபுரிந்தார். மனம் அதிற் படியவில்லை. எடின்பரோப் பல்கலைக்கழகத்திற் தாவரவியல் கற்கச் சென்றவர், உயிருள்ள செடியை விடுத்து உலர்ந்த செடியையே ஆராயும் முறையை வெறுத்து, ஒரே கிழமையில் வெளியேறினார். இலண்டன் சென்று, அந்நாளிற் பெரும்புகழ் பெற்றிருந்த ஹக்ஸ்லியிடம் உயிரியல் பயின்றார். பின்னர்ப் பிரான்சு தேசஞ் சென்றபோது லே பிளே என்பாரது சமூக ஆராய்ச்சி முறை அவர் உள்ளத்தை ஈர்த்தது. ஒரு குடும்பத்தின் வாழ்வை அறிய வேண்டின், அது வாழும் இடத்தையும் செய்யுந் தொழிலையும் சேர்த்து அறிதல் வேண்டும் என்பது அம்முறையின் சாரம்.

1879ஆம் ஆண்டில் ஆராய்ச்சியின் பொருட்டு மெக்சிக்கோ சென்ற கெடிசுக்குக் கண்பார்வை மங்கிற்று. பல வாரங்கள் இருட்டறையிற் கிடக்க நேர்ந்தது. உயிரியலாளர்க்கு நுணுக்குக்காட்டியே கண் அன்றோ? அக்கண் பழுதாயின் வாழ்வே பழுதாகும். அவ்விருளிலே, சன்னற் சட்டங்களை விரலாற் தடவிப் பார்த்தவர், அக்கட்டங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு கருத்தை வைத்து, கருத்துக்களிடையே உள்ள உறவை ஆராயும் முறையொன்றைக் கண்டுகொண்டார். பார்வை மீண்டதாயினும் நுணுக்குக்காட்டியில் நெடுநேரம் நோக்குதற்கு அது போதவில்லை. சிறியவற்றை நோக்கும் தொழில் தடைப்பட்டமையால், ஊர் என்னும் பெரிய உயிரை நோக்குந் தொழில் அவரை வந்தடைந்தது.

சேரியிற் குடிபுகுந்த பேராசிரியர்

1886ஆம் ஆண்டில் அன்னா மோட்டன் என்னும் அம்மையாரை மணந்தார். அம்மையார் இசை வல்லவர். லிவர்ப்பூல் நகர வணிகர் ஒருவரின் மகளார். மணமக்கள் நல்ல தெருவிலே நல்ல வீடொன்றில் வாழ்ந்திருக்கலாம். அவர்களோ 1887ஆம் ஆண்டில் எடின்பரோவின் பழைய நகரிலே, ஜேம்ஸ் கோர்ட் என்னும் நெருங்கிய குடியிருப்பிற் சென்று குடிபுகுந்தனர்.

அப்பழைய நகர் ஒருகாலத்திற் பெருமக்கள் வாழ்ந்த இடம். அவர்கள் புதிய நகரைக் கட்டிக்கொண்டு போய்விட, ஏழைகள் அறைக்கு ஒரு குடும்பமாக அதில் நெருங்கினர். மாடிமேல் மாடியாக உயர்ந்த கட்டடங்கள். வெளிச்சம் புகாத முடுக்குகள். தண்ணீர்க்கும் கழிவுக்கும் வசதியின்மை. இத்தகைய இடங்களை இடித்துத் தரைமட்டமாக்குவதே சீர்திருத்தம் என அந்நாளைய நகரசபைகள் கருதின. இடித்தபின் அங்கு வாழ்ந்தார் எங்குச் செல்வர் என்பதை எவரும் ஆராயவில்லை. அவர்கள் அடுத்த சேரிக்குச் சென்று அதனை மேலும் நெருக்கினர். ஆகவே ஒரு சேரியை அழித்தவர், அறியாமலே மற்றொரு சேரியை வளர்த்தவராயினர்.

கெடிஸ் தம்பதிகள் வேறு வழி சென்றனர். முதலிலே தம் வீட்டைத் துப்புரவு செய்தனர். சுவருக்கு வெள்ளை பூசினர். சன்னலிற் பூச்செடி வைத்தனர். அயலார் வியந்து நோக்கினர். பின்னர்த் தாமுங் கைகோத்தனர். மிகப் பழுதுற்ற சிற்சில கட்டடங்களை மட்டும் நீக்கி, அவ்விடத்தாற் காற்றும் ஒளியும் உட்புக வழிசெய்து, எஞ்சியவற்றைப் பழுதுபார்த்து, குடியிருந்தாரை அவ்விடத்தே இருக்கச் செய்தலே அவர் கண்ட முறை. அறுக்க வேண்டிய இடத்தை மட்டும் அறுத்து உடலைக் காக்கும் நல்ல வைத்தியன் செயல் அது. மாணவர் விடுதிகளையும் அப்பழைய நகரிலேயே அமைத்து, கற்றோரும் தொழிலாளரும் ஒரே முற்றத்திற் புழங்குமாறு செய்தார். பிற்றைநாளில் அவர் குழுவினர் பழைய நகரின் இண்டு இடுக்குகளை அளந்து பார்த்து, பயனற்றுக் குப்பை மண்டிக்கிடந்த 76 வெற்றிடங்களைக் கண்டனர். அவை கூட்டுத்தொகையில் 10 ஏக்கர். அவற்றுட் சில சிறுவர்க்குரிய பூந்தோட்டங்களாயின. அப்பணியில் முன்னின்றவர் அவர் மகளார் நோரா.

நோக்குக் கோபுரம்

1888ஆம் ஆண்டில் டண்டீ நகரக் கல்லூரியிற் தாவரவியற் பேராசிரியராயினார். கோடைப் பருவத்தில் மட்டும் கற்பித்தாற் போதும் என்பது ஏற்பாடு. 1919ஆம் ஆண்டுவரை அப்பதவியில் இருந்தாரெனினும், எஞ்சிய மாதங்களெல்லாம் நகரங்களுக்கே உரியவாயின.

1892ஆம் ஆண்டில் எடின்பரோக் கோட்டைக்கு அண்மையில் இருந்த பழங்கோபுரமொன்றைப் பெற்று, நோக்குக் கோபுரம் என அதனை மாற்றியமைத்தார். உச்சியில் ஓர் இருட்டறை. மேலே பொருத்திய கண்ணாடியும் வில்லையும் வெளியுலகின் உருவத்தை உள்ளே வெண்மேசைமீது வீழ்த்தும். தெருவிற் செல்லும் வண்டியும், புகைபோக்கியின் புகையும், கடலின் ஒளியும் அம்மேசைமீது உயிரோடு அசையும். நாடோறும் அத்தெருவில் நடப்பவர், அதனை அங்குத்தான் முதன்முதற் கண்டார். அவ்வறையைவிட்டு இறங்கினால் அடுத்த தளத்தில் எடின்பரோ நகரின் வரலாறும் படங்களும், அதற்கடுத்து ஸ்கொட்லாந்து, பின்னர் ஆங்கிலம் பேசும் நாடுகள், பின்னர் ஐரோப்பா, அடித்தளத்தில் உலகம். தன் ஊரைக் கண்ணாற் கண்டபின்னரே ஒருவன் உலகத்தை அறிதல் வேண்டும் என்பதே அவ்வமைப்பின் பொருள். நம் பாடசாலைகளிலோ உலகப்படத்தை முதலிற் தொங்கவிடுகின்றோம்; பாடசாலை நிற்கும் ஊரின் படத்தைத் தொங்கவிட மறந்துவிடுகின்றோம்.

திணையும் கெடிசின் பள்ளத்தாக்கும்

கெடிஸ் வரைந்த படங்களுள் மிகச் சிறந்தது ஆற்றுப் பள்ளத்தாக்கின் குறுக்குத் தோற்றம். மலையுச்சியிலிருந்து கடல்வரை நிலம் சரிந்து செல்வதை ஒரே கோட்டில் வரைந்து, சுரங்கத் தொழிலாளர், மரம் வெட்டுவார், வேட்டுவர், ஆயர், உழவர், மீன்படுப்பார் என அவ்வந்நிலத்திற்குரிய மாந்தரை அதில் நிறுத்தினார். நிலம் தொழிலை ஆக்கும். தொழில் மாந்தரின் குடும்பத்தையும் ஊரையும் ஆக்கும். மாந்தர் மீண்டும் நிலத்தை மாற்றுவர். இம்மூன்றின் கூட்டத்தையே நகரம் என்றார் அவர்.

இதனைக் கேட்குந் தமிழ் மாணாக்கர்க்குத் தொல்காப்பியம் நினைவுக்கு வாராதிராது. முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் எனப் பகுத்து, நிலத்தையும் தொழிலையும் மாந்தர் ஒழுக்கத்தையும் ஒருங்கு நோக்கியது நம் இலக்கண நூல். கெடிஸ் அதனைக் கற்றார் என யாம் கூறவில்லை. அவர் கண்டது ஸ்கொட்லாந்து நிலத்தை. தமிழர் வகுத்தது பாட்டின் இலக்கணம். அவர் வகுத்தது ஊரின் இலக்கணம். ஆயினும் இரு பார்வைக்கும் உள்ள உறவு தெளிவு. வேறுபாடும் கருதற்பாலது. நாம் குறிஞ்சியிற் கூதாளியையும் சுனையையும் கண்டு இன்புற்று, அங்கு வாழ்வார்க்குக் கூரை ஒழுகுகின்றதா என வினவாமல் விட்டோம். கெடிஸ் வினவினார்.

எம்டன் விழுங்கிய பொருட்காட்சி

ஊரை ஆராயும் முறையை ஊரார்க்கு எங்ஙனம் அறிவிப்பது? நூல் எழுதினாற் கற்றோர் சிலரே படிப்பர். ஆகவே 1910ஆம் ஆண்டில் நகரங்கள்பற்றிய பொருட்காட்சியொன்றை இலண்டனில் அமைத்தார். உலக நகரங்களின் படங்களும் திட்டங்களும் புகைப்படங்களும் அதில் அடுக்கப்பட்டன. டப்ளின், பெல்பாஸ்ட் முதலிய நகரங்களுக்கும் அது சென்றது. 1913ஆம் ஆண்டிற் பெல்ஜியத்துக் கெண்ட் நகரில் உயர்ந்த பரிசையும் பெற்றது. சென்ற இடந்தோறும் அவ்வூரின் படங்களையும் அதிற் சேர்த்துக்கொள்வார். அவரே வாயிலில் நின்று, வருவோரை அழைத்துச் சென்று விளக்குவார்.

அந்நாளிற் சென்னை மாகாண ஆளுநராயிருந்த பெந்திலண்டுப் பிரபு இப்பொருட்காட்சியைச் சென்னைக்கு அழைத்தார். 1914ஆம் ஆண்டில் அது கிளான் கிராண்ட் என்னுங் கப்பலில் ஏற்றப்பட்டது. முதல் உலகப்போர் மூண்டிருந்த காலம். சென்னைத் துறைமுகத்தைக் குண்டுவீசிக் கலக்கி, தமிழ்மொழியிலேயே தன் பெயரை ஒரு சொல்லாகப் பதித்துச் சென்ற எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல், அவ்வாண்டு ஒக்டோபரில் கிளான் கிராண்டையுங் கடலில் ஆழ்த்தியது. பல்லாண்டு உழைப்பிற் திரட்டிய படங்கள் யாவும் மீன்களுக்கு இரையாயின.

அப்போது கெடிசுக்கு வயது 60. பிறரெனின் ஊர்திரும்பியிருப்பர். அவரோ சோரவில்லை. நண்பர்கள் பல நாடுகளிலிருந்தும் புதிய படங்களைத் திரட்டி அனுப்பினர். 1915ஆம் ஆண்டு சனவரியிற் சென்னைப் பல்கலைக்கழகச் செனற் மண்டபத்தில் பொருட்காட்சி மீண்டும் எழுந்தது.

தமிழகத் தெருக்களில்

தஞ்சை, மதுரை, கோயம்புத்தூர் முதலிய நகரங்களைக் கெடிஸ் நடந்து நடந்து ஆராய்ந்தார். காலை முதல் மாலைவரை சந்துபொந்துகளில் நுழைந்து, எந்த வீடு பழுது, எந்த வீடு நன்று, எங்கே மரம், எங்கே கிணறு எனக் குறித்துக்கொள்வார். நகரசபைப் பொறியியலார் மேசைமீது அளவுகோல் வைத்து நேர்தெருக்களை வரைந்திருந்தனர். அத்தெருக்கள் செல்லும் வழியில் எத்தனை குடும்பங்களின் வீடு இடியும் என்பது அப்படத்திற் தோன்றாது. நடந்து சென்றவர்க்கே தோன்றும்.

தஞ்சைக் கோட்டைப் பகுதிக்கு அவர் கூறிய வழி இதற்குச் சான்று. பெருந்தெரு வகுத்து வீடுகளை வாரி இடிக்கும் திட்டத்தை அவர் மறுத்தார். பாழ்மனைகளை நீக்கிச் சிறு முற்றங்கள் ஆக்கி, மரம் நட்டு, வழிகளைச் சிறிதே விலக்கி அமைத்தால், அத்திட்டத்தின் செலவில் மிகச் சிறிய பங்கிலேயே நெருக்கந் தீரும் எனக் காட்டினார். கோயிலை நடுவாகக் கொண்டு தேரோடும் வீதிகள் சூழ அமைந்த நம் ஊர்களை அவர் போற்றினார். குளங்களைக் கொசுவுக்கு அஞ்சித் தூர்ப்பதை எதிர்த்து, மீனும் வாத்தும் வளர்த்தாற் கொசுப்புழு ஒழியும், குளமும் எஞ்சும் என்றார். அவரோடு வந்த லான்செஸ்டர் என்னும் அறிஞர் 1918ஆம் ஆண்டிற் சென்னை நகரமைப்புப்பற்றி நூலெழுதினார். 1920ஆம் ஆண்டிற் சென்னை மாகாணத்தில் நகரமைப்புச் சட்டம் நிறைவேறிற்று. கெடிஸ் தூவிய வித்துக்கள் அம்மண்ணில் முற்றும் வீண்போகவில்லை.

துயரும் தீபாவளியும்

1917ஆம் ஆண்டு அவர் வாழ்விற் கொடிய ஆண்டு. மூத்த மைந்தர் அலஸ்டயர் பிரான்சுப் போர்க்களத்தில் ஏப்ரல் மாதத்தில் உயிர்துறந்தார். சென்னைப் பொருட்காட்சியிற் தந்தையார்க்குத் துணைநின்ற மைந்தர் அவர். அச்செய்தி வந்தபொழுது அன்னா அம்மையார் இந்தியாவிற் காய்ச்சலாற் படுக்கையிற் கிடந்தார். செய்தியை அறிந்தால் அம்மையார் தாங்கார் என அஞ்சிய கெடிஸ் அதனை மறைத்தார். இறந்த மகன் முன்னர் எழுதி, காலந்தாழ்ந்து வந்துகொண்டிருந்த கடிதங்களை, அவர் உயிரோடிருப்பதுபோலவே அம்மையார்க்குப் படித்துக் காட்டினார். மைந்தர் மறைவை அறியாமலே அம்மையாரும் அவ்வாண்டு நடுப்பகுதியிற் கண்மூடினார்.

இத்துயரைச் சுமந்துகொண்டே அவர் இந்தூர் நகரஞ் சென்றார். அங்கே கொள்ளைநோய் ஆண்டுதோறும் மக்களை வாரிக்கொண்டிருந்தது. படச்சுருளோடு தெருவிற் திரிந்த வெள்ளைத் தாடியாரைக் கண்ட மக்கள், வீட்டை இடிக்க வந்தவர் என அஞ்சி ஒதுங்கினர். மக்கள் அஞ்சும் இடத்தில் ஆராய்ச்சி பயன்படாது என்பதைக் கெடிஸ் உணர்ந்தார். மன்னரை அணுகி, ஒரு நாளைக்குத் தமக்கு மன்னர் அதிகாரம் வேண்டுமெனக் கேட்டார். மன்னரும் இசைந்தார்.

அவ்வாண்டுத் தீபாவளி ஊர்வலம் எந்தத் தெரு மிகத் தூய்மையாயிருக்கின்றதோ அத்தெருவழியே செல்லும் எனப் பறையறைவிக்கப்பட்டது. உடனே தெருவுக்குத் தெரு போட்டி எழுந்தது. வீடுகள் கழுவப்பட்டன, குப்பைகள் வண்டி வண்டியாக அகன்றன. விழா நாளில் யானையும் குதிரையும் முற்செல்ல, அழுக்கு என்னும் அரக்கன் உருவமும், நோய் பரப்பும் பேரெலியின் உருவமும் வந்தன. அவற்றின் பின்னே, எந்நாளும் ஒதுக்கப்பட்ட நகரத் துப்புரவுத் தொழிலாளர் புத்தாடையும் மாலையும் அணிந்து, அலங்கரித்த வண்டிகளோடு பெருமிதமாக நடந்தனர். பின்னே திருமகளும், நகரத்தின் தெய்வமும், கட்டவிருக்கும் வீடுகளின் சிற்றுருவங்களும் தொடர்ந்தன. இறுதியில் அரக்கனும் எலியும் தீக்கிரையாயினர். துளசிச் செடிகள் வீட்டுக்கு வீடு வழங்கப்பட்டன. அன்று முதல் கெடிஸ் தெருவிற் சென்றால் மக்கள் அஞ்சவில்லை. அழைத்துத் தம் வீட்டைக் காட்டினர். பின்னர் 1918ஆம் ஆண்டில் இந்தூருக்கு அவர் எழுதிய அறிக்கை இரு பெருந் தொகுதிகளாக வெளிவந்தது. ஆயினும் அத்தொகுதிகளைப் படித்தாரினும் அவ்வூர்வலத்தைக் கண்டாரே பலர்.

கொழும்பும் பிற்கால வாழ்வும்

1919ஆம் ஆண்டிற் பம்பாய்ப் பல்கலைக்கழகத்திற் சமூகவியற் பேராசிரியரானார். தாகூருக்கும் விஞ்ஞானி ஜகதீச சந்திர போசுக்கும் நண்பராயிருந்து, போசின் வாழ்க்கை வரலாற்றை 1920ஆம் ஆண்டில் வெளியிட்டார். 1921ஆம் ஆண்டிற் கொழும்பு நகரமைப்புக்குரிய தொடக்க அறிக்கையை இலங்கை அரசினர்க்கு அளித்தார். கொழும்பைக் கிழக்கின் பூங்கா நகராகக் காண விழைந்தவர் அவர். 1946ஆம் ஆண்டின் நகர நாட்டமைப்புச் சட்டமும், அதனையடுத்து அபர்குரோம்பி என்பார் கொழும்புப் பிரதேசத்துக்கு வகுத்த திட்டமும் பின்வந்த படிகள்.

1925ஆம் ஆண்டில் டெல் அவீவ் நகருக்குத் திட்டம் வகுத்தார். பிரான்சின் மொன்பெலியே நகரிற் கல்லூரியொன்று நிறுவினார். 1932ஆம் ஆண்டிற் சேர் பட்டம் பெற்று, அவ்வாண்டு ஏப்ரல் 17ஆம் நாள் அங்கேயே இயற்கை எய்தினார்.

குறையற்றவர் அவர் எனல் பொருந்தாது. பேச்சு தாடிக்குள்ளேயே மறையும் என்பர், எழுத்தோ கடினம். தொடங்கிய பலவற்றை முடிக்கவில்லை. ஆளுநர்க்கும் மன்னர்க்கும் அறிவுரை கூறினாரேயன்றி, குடிகளுக்குத் தம்மூரை ஆளும் உரிமை இல்லாத நிலையை நேர்நின்று எதிர்த்தாரல்லர். அவர் அறிக்கைகளிற் பல அலுவலகத் தூசியிலேயே உறங்கின. எனினும் தூசியில் உறங்கா வண்ணம் ஆராய்ச்சியைத் தெருவுக்குக் கொணரும் வழியை அவரே காட்டிச் சென்றார்.

ஊவாவின் லயங்களும் கெடிசின் வினாவும்

கெடிஸ் கொழும்புக்கு அறிக்கை எழுதிய மூன்று ஆண்டிற்குள், 1924ஆம் ஆண்டில், இருப்புப்பாதை பதுளையை அடைந்தது. தேயிலைப் பெட்டிகள் துறைமுகத்துக்கு விரைந்தன. அவ்வறிக்கையின் பார்வையோ எதிர்வழியாக மலையேறவில்லை. நகரச் சட்டங்கள் நகரத்தோடு நின்றன. பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட லயக்காம்பராவில், முன்னே இஸ்தோப்பு, உள்ளே அடுப்பு, சுவருக்கு மறுபக்கம் அயல் வீட்டார் என மூன்று தலைமுறை ஒருங்கு வாழ்ந்தது. அவ்வீடு தோட்டத்தின் உடைமை. வேலை நின்றால் வீடும் நில்லாது. கிராமத்துக்குத் தெருவும் நீரும் அமைக்கும் உள்ளூர்ச் சபைகளுக்குத் தோட்டக் குடியிருப்பிற் பணஞ் செலவிட வழியிருக்கவில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்திலும் அத்தடை இருந்தது; 2018ஆம் ஆண்டிலேயே திருத்தம் வந்தது. தனிவீடுகள் எழத் தொடங்கியிருப்பது மகிழ்தற்குரியது. ஆயினும் இன்றும் பல்லாயிரங் குடும்பங்கள் லயத்திலேயே வாழ்கின்றன.

வீட்டின் அளவினுங் கொடிய வினா, வீடு நிற்கும் நிலம்பற்றியது. 1990ஆம் ஆண்டிலிருந்து பதுளை, நுவரெலியா மாவட்டங்களின் மண்சரிவு அபாயப் படங்களைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வரையத் தொடங்கியது. எந்தச் சரிவு அஞ்சத்தக்கது என்பது அறிஞர்க்குத் தெரிந்தது. கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைக்கு 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாட் காலையில் மலை இறங்கி லயங்களை மூடியது. பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் சிலர் திரும்பி வந்தபொழுது வீடுமில்லை, பெற்றோருமில்லை. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வாப் புயலின்போதும் பதுளை மாவட்டத்து மலைகள் பல இடங்களிற் சரிந்தன. அறிவு இருந்தது, போய்க் குடியேற நிலம் இருக்கவில்லை. அவ்வறிவைத் தம்முடையதாக்கி, நிலம் எங்கே என ஒரு குரலாக வினவும் பொதுப்பேச்சும் ஊரில் எழவில்லை.

இவ்விடத்து என் குறையொன்றையும் கூறுதல் கடன். மீரியபெத்தை நிகழ்ச்சிக்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர், ஐந்திணை கற்பித்தபின், மாணாக்கர் தத்தம் ஊரின் முதற்பொருளையும் கருப்பொருளையும் படமாக வரைந்து வருமாறு பணித்தேன். தோட்டத்து மாணவியொருத்தி தன் பணிய லயத்தை வரைந்திருந்தாள். லயத்தின் மேற்புறத்துத் தேயிலை மலையில் வளைகோடொன்று. நிலம் வெடித்த இடம் என அதன் அருகே குறிப்பு. பீலியில் மழைக்காலத்திற் கலங்கல் நீர் வருமென அவள் அம்மாயி கூறியதும் ஓரத்தில் எழுதப்பட்டிருந்தது. யான் செய்தது யாது? பீலி என்பதை அடித்து நீர்த்தாரை எனத் திருத்தினேன். காம்பராவை அடித்து அறை என எழுதினேன். பத்துக்கு ஏழு புள்ளி வழங்கித் திருப்பிக் கொடுத்தேன். வெடித்த நிலம்பற்றி ஒரு வினாவும் கேட்டேனல்லேன். அவ்வூர் மீரியபெத்தையன்று, இறையருளால் அங்குத் தீங்கும் நிகழவில்லை. ஆயினும் 2014ஆம் ஆண்டிற் செய்தித்தாளைக் கையில் எடுத்த அக்காலையில், அவ்வளைகோடு என் கண்முன் வந்து நின்றது. அதன்பின்னர்க் கெடிசின் வரலாற்றைத் தேடிக் கற்றேன்.

இப்பொழுது ஆண்டுதோறும் வாணி விழாவை ஒட்டி எம் மாணாக்கர் தம் ஊர்ப்படங்களை வரைகின்றனர். மேற்கணக்கு, பணியக்கணக்கு, பீலி, பிள்ளைக்காம்பரா, கானின் போக்கு, வெடித்த நிலம் யாவும் மக்கள் வழங்குஞ் சொல்லிலேயே குறிக்கப்படுகின்றன. அவற்றைச் சுவரில் தொங்கவிட்டுப் பெற்றோரை அழைக்கின்றோம். கொழுந்து கொய்து வந்த கையோடு அன்னையர் வருகின்றனர். படத்தில் தம் வீட்டை விரலால் தொட்டுப் பார்க்கின்றனர். கான் இவ்வழியன்று, அவ்வழி எனப் பிள்ளைகளைத் திருத்துகின்றனர். திருத்திய படத்தின் பிரதியொன்று கிராம அலுவலர்க்குச் செல்கின்றது. சென்ற விழாவிற் படமொன்றின் முன் நின்ற அன்னையர் இருவர், தம் லயத்தின் பின்னுள்ள மதகு மூன்றாண்டாக அடைபட்டிருப்பதைச் சொல்லி, அதற்கொரு விண்ணப்பம் எழுதித் தருமாறு என்னிடம் கேட்டனர். எழுதிக் கொடுத்தேன். மதகு என்பதை யான் திருத்தவில்லை.